கன்னத்தில் ஒத்திப் பார்த்த துண்டுகள்

ஜூன் 5, புதன்

தோல் டாக்டரிடம் போய் வந்தேன். முகப்பரு என்று சொல்லிவிட்டார். எனக்கு வயது முப்பத்தொன்பது.

"இந்த வயசுல பருவுங்களா?" என்றேன்.

"வயசுப் பிள்ளைகளுக்கு நெத்தியில வரும். உங்களுக்குத் தாடை, மோவாய், கழுத்துன்னு கீழ வருது பாருங்க. இது ஹார்மோன். மாசாமாசம் தேதி நெருங்கறப்ப ஜாஸ்தியாகுமே?"

ஆகும். நான்கு வருடமாக ஆகிறது. அடியில் கல் மாதிரி கட்டிக்கொள்ளும், பழுக்கவும் செய்யாது, உடையவும் செய்யாது. ஒன்று அமுங்கினால் பக்கத்தில் இன்னொன்று. போன இடத்தில் கறுப்பாய்த் தழும்பு. மருந்துக் கடையில் கேட்டு வாங்கி ஒரு வருடமாய்ப் பூசிய ட்யூபை எடுத்துக் காட்டினேன். டாக்டரம்மா அதை வாங்கி நேராகக் குப்பைக் கூடையில் போட்டார். அதில் இருப்பது ஸ்டீராய்டாம். பாதி ட்யூப் மிச்சம் இருந்தது.

ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எழுதினார்கள். தினம் ஒரு மாத்திரை. ராத்திரி மட்டும் பூச ஒரு ஜெல், பட்டாணி அளவுதான். மூன்று மாதம் பொறுக்க வேண்டும். கிள்ளக் கூடாது. தலையணை உறை, துண்டு எல்லாம் வெள்ளையாக வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். அழுக்குத் தெரிவதற்காக இருக்கும். துணி விற்கிறவளுக்கே துணிப் பாடம். தலையாட்டிவிட்டு வந்தேன்.

எந்த நாளில் எங்கே வருகிறது என்று குறித்து வைக்கச் சொன்னார். நூல் மில்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி சும்மா கிடந்தது.

ஜூன் 6, வியாழன்

வலது தாடையில் புதிதாக மூன்று. சாப்பாட்டை மெல்லும்போதே வலிக்கிறது.

ஜூன் 11, செவ்வாய்

சந்தை நாள். ஈரோட்டில் திங்கள் சாயங்காலம் பிடித்து செவ்வாய் முழுக்கக் கூட்டம் இருக்கும். கேரளா, கர்நாடகா பார்ட்டிகள் எல்லாம் வருவார்கள்.

என் கடையில் துண்டு எடுப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. துண்டுகளை அடுக்கிப் பேல் மூட்டையாகக் கட்டுவதற்கு முன் மேல் துண்டை நான் எடுத்துக் கன்னத்தில் ஒத்திப் பார்ப்பேன். சரி என்று தலையசைத்தால்தான் கட்டு விழும். பார்ட்டிகள் அதைக் காத்திருந்து பார்ப்பார்கள். இதை நான் விளம்பரத்துக்காக ஆரம்பிக்கவில்லை. பதினான்கு வயதில் தறிக்குப் போனவள். உள்ளங்கை காய்ந்து மரத்துவிட்டது, அதற்குப் பூந்துண்டும் ஒன்றுதான், சாக்கும் ஒன்றுதான். துணியின் மிருது எனக்குக் கன்னத்தில்தான் தெரியும். தலைச்சுமையாக விற்ற காலத்திலிருந்து அப்படித்தான் வாங்கினேன், ஏமாந்ததில்லை. "கோதையக்கா கன்னத்துல வெச்ச சரக்கு" என்றால் சந்தையில் யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள்.

இன்று கரூரிலிருந்து புதிதாக ஒரு அம்மாள் வந்தார். நான் ஒத்திப் பார்த்துக் கொடுத்த துண்டை இரண்டு விரலால் வாங்கி, அடுக்கின் கீழே செருகிவிட்டு, வேறொன்றை எடுத்துக்கொண்டார். சிரித்தபடிதான் செய்தார்.

யாரும் பார்க்கவில்லை. இனிமேல் உள் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். சரக்கு சரியாக இருக்கிறதா என்பதுதானே முக்கியம்.

ஜூன் 14, வெள்ளி

முகம் தோல் உரிகிறது. வாயைச் சுற்றிக் காய்ந்து, சிரித்தால் வெடிக்கிறது. டாக்டர் இதைச் சொல்லியிருந்தார். ஆனால் பரு குறையவில்லை. ஒரு வேளை பூசினால் மூன்று மாதம் என்றால், இரண்டு வேளை பூசினால் சீக்கிரம் போகாதா? ஜெல்லைக் கைப்பையில் போட்டுக் கடைக்கே கொண்டு வந்துவிட்டேன். பதினோரு மணி வாக்கில் உள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பூச்சு.

மடித்துக் கட்டுகிற லீலா, "எலுமிச்சம்பழத்தத் தேய்ங்க்கா" என்கிறாள். எதிர்க்கடைக்காரர் உடம்புச் சூடு என்கிறார். டீ கொண்டு வருகிறவர் எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்தச் சொல்கிறார், பஜ்ஜித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே. சந்தையில் வைத்தியம் தெரியாதவர் யாருமில்லை.

ஜூன் 20, வியாழன்

என் தலையணை உறை அங்கங்கே வெளிறிப் போயிருக்கிறது. காப்பிப் பொடிக் கலர் உறை. ஆரஞ்சாய்த் திட்டுத் திட்டாக.

"உன்ற கடைத் துணிதான?" என்றார் வீட்டுக்காரர். மின்வாரியத்தில் வேலை, மற்றபடி வம்புக்குப் போகாதவர். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாய் நீளும். "ஊருக்கெல்லாம் சாயம் போகாதுன்னு விக்கற."

"சோப்புத் தூளு மாத்துனீங்கல்ல, அதுதான்."

"என்ற தலகாணிக்கும் அதே சோப்புத்தான். அது நல்லாத்தான் இருக்குது."

பழைய சோப்பையே வாங்கி வரச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 30, ஞாயிறு

சித்தப்பா பேத்தி வயசுக்கு வந்த சீர். போகாமல் இருக்க முடியாது. முந்தின நாளே தேதி வந்துவிட்டது. மோவாயில் நான்கு, கழுத்தில் இரண்டு. பவுடர் போட்டால் உரிந்த தோல் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

பெரியத்தை பந்தி நடுவில் என் மோவாயைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏனம்மிணி, சீரு அந்தப் புள்ளைக்கா உனக்கா? உனக்கும் ஒரு பச்ச ஓலை கட்டி உக்கார வெச்சரலாமாட்ட இருக்குது" என்றாள். பந்தி முழுக்கச் சிரிப்பு.

"ஒக்கார வைங்கத்த. தாய்மாமன் சீரு மட்டும் எனக்குத் தனியா வந்தறோணும், துண்டுக்கு நானே நல்ல ரேட்டுப் போட்டுத் தர்றேன்" என்றேன். இன்னும் பெரிய சிரிப்பு.

பாயசம் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன். பால் பருவைக் கூட்டும் என்று யாரோ சொன்னார்கள்.

ஜூலை 9, செவ்வாய்

பாலக்காட்டு நாசர் பாய், ஓணத்துக்கு மே மாதமே கொடுத்த பெரிய ஆர்டர் தயாராகிவிட்டது என்று பார்க்க வந்தார். குளியல் துண்டு, கருநீலமும் மெரூனும். இந்த வருடத்தில் எனக்கு இதுதான் பெரிய சரக்கு.

சாயம் சென்னியப்பண்ணன் பட்டறையில். பன்னிரண்டு வருடமாய் நூலை அவரிடம்தான் கொடுக்கிறேன். கலர் கேட்டால் இரண்டு நாள் தாமதமாகும், ஆனால் கேட்ட கலர் வரும்.

"அக்கா, நீங்க கன்னத்துல வெக்கறதப் பாத்துட்டுத்தான் போறது" என்றார் நாசர் பாய்.

"கட்டறப்ப வெச்சுத்தான் அனுப்புவேன் பாய். கூட்டத்துல எதுக்கு?"

வெள்ளிக்கிழமை பேல் கட்டும்போது, சொன்ன சொல்லுக்கு, ஒவ்வொரு பேலின் மேல் துண்டையும் உள் அறையில் வாங்கி ஒத்திப் பார்த்தே அனுப்ப வேண்டும்.

ஜூலை 19, வெள்ளி

நாசர் பாயின் போன். பேலைப் பிரித்தால் சாயம் போயிருக்கிறதாம். துவைக்கக் கூட இல்லை, கட்டுக்குள்ளேயே வெளுத்திருக்கிறது என்கிறார். படம் அனுப்பினார். கருநீலத்தில் ஆரஞ்சுத் திட்டு. மெரூனில் ரோஸ் திட்டு. "முதல் பேல் பிரிச்சேன், இருந்தது. ரெண்டாவதும் பிரிச்சேன், இருந்தது. மத்தது பிரிக்கலைக்கா, அப்படியே உங்களுக்குத் திருப்பி லாரியில ஏத்தியாச்சு."

அந்த நிமிடமே சென்னியப்பண்ணனைக் கூப்பிட்டேன்.

"என்னண்ணா பண்ணி வெச்சிருக்கறீங்க?"

"என்ற சாயம் அப்பிடிப் போகாதுங்கம்மிணி. தண்ணியில வெளுத்தா ஒரே சீரா வெளுக்கும். திட்டுத் திட்டா எப்பிடிங்க? சரக்கு வரட்டும், ஒருக்காப் பாக்கறேன்."

"நீங்க பாத்து என்னத்தப் பண்றது? என்ற பேரு போச்சு. இனி என்ற நூலு உங்க பட்டறைக்கு வராது."

"சரிங்க" என்று வைத்துவிட்டார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஜெல் பூசினேன். கோபத்தில் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது.

ஜூலை 23, செவ்வாய்

பக்கத்துக் கடைகளில் நான்கு பேர் சரக்கு ஏன் திரும்பி வந்தது என்று கேட்டார்கள். கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா? சென்னியப்பன் சாயம் என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நான்கு பேருமே அவரிடம் நூல் கொடுக்கிறவர்கள்தான் என்பது வேறு விஷயம்.

நாசர் பாய் ஓணச் சரக்கைக் கரூரில் எடுத்துக்கொண்டாராம்.

ஜூலை 26, வெள்ளி

கன்னத்தைத் தடவினால் வழவழவென்று இருக்கிறது. கழுத்து சுத்தம். தாடையில் தழும்புதான் மிச்சம், புதிதாய் ஒன்றுமில்லை. வீட்டுக்காரரே "பரவாயில்லையே" என்றார். அந்த வாயிலிருந்து அது பெரிய வார்த்தை.

ஜூலை 31, புதன்

ஆடி மாதம், கடை காற்று வாங்குகிறது. திரும்பி வந்த பேல்களைப் பிரித்துத் தரம் பிரிக்க உட்கார்ந்தேன்.

எல்லாப் பேலிலும் மேல் துண்டு மட்டும் வெளுத்திருக்கிறது. அதற்கடுத்த துண்டில் லேசாக ஒரு நிழல். அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை, கலர் கண்ணைப் பறிக்கிறது. திட்டு ஒவ்வொன்றும் ஒரே இடத்தில், மடிப்பின் ஓரத்தில். உள்ளங்கை அகலம்.

லாரியில் நனைந்திருக்கும். அல்லது பேல் கட்டிய சாக்கில் ஏதாவது இருந்திருக்கும்.

லீலா மடிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்லீங்க்கா" என்றாள்.

ஆகஸ்ட் 1, வியாழன்

கரண்ட் பில் கட்டினேன். கடைக்கு ஒட்டடை அடித்தோம். ஒரு நல்ல கருநீலத் துண்டை எடுத்துக் கன்னத்தில் ஒத்தி, மடித்து, அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

ஆகஸ்ட் 3, சனி

அலமாரியைத் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

திறந்தேன். வெளுத்திருந்தது.

ஆகஸ்ட் 7, புதன்

டாக்டரம்மாவுக்கு என் முகத்தைப் பார்த்து ஒரே சந்தோஷம். விளக்கைக் கிட்டே கொண்டு வந்து பார்த்தார். "இதே மாதிரி விடாமப் பண்ணுங்க" என்றார்.

"ஜெல்லை நிறுத்திட்டா?"

"இப்ப நிறுத்துனா திரும்ப வரும். இது ஒரு நாள்ல தீர்ந்துட்டுப் போற சமாச்சாரம் இல்லைங்க. சர்க்கரை, பிரஷர் மாதிரி, வெச்சுப் பாத்துக்கணும். மாதவிடாய் நிக்கற வரைக்கும்கூட இருக்கலாம், சிலருக்கு அதுக்கப்புறமும்."

"அந்த ஜெல்லு துணி கிணியில பட்டா ஏதாச்சும் ஆகுங்களா?"

"சாயத்தை வெளுத்துரும். அதுக்குத்தானே முதல் நாளே வெள்ளைத் துணி வெச்சுக்கச் சொன்னேன்? ராத்திரி மட்டும்தானே பூசறீங்க?"

"ஆமாங்க" என்றேன்.

வெளியே வந்து வண்டியை எடுக்காமல் வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். மருந்து பூசினால் துணி போகிறது. பூசாவிட்டால் முகம் போகிறது. இரண்டுமே எனக்குச் சோறு போடுகிறவை. கோதை கன்னம் வைத்தால் சரக்கு தேறும் என்று இருபது வருடமாய்ச் சம்பாதித்த பேர், கோதை கன்னம் பட்டால் சரக்கு கெடும் என்று ஒரு சந்தை நாளில் மாறிவிடும். அதற்கு நானே வாயைத் திறக்க வேண்டும்.

திறக்காவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

ஆகஸ்ட் 10, சனி

லீலாவுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்று மத்தியானம் சாப்பிடும்போது, தலையைத் தூக்காமலே சொன்னாள். "சென்னியப்பண்ணன் பட்டறையில ஆளுகள நிறுத்திட்டாங்களாம்க்கா. எங்க மச்சாண்டாரும் வேல இல்லாம வீட்டுல உக்காந்திருக்கறாரு. ஒரு தொட்டியிலதான் சாயம் ஓடுதாம்."

"ஆடி மாசமல்ல. எல்லா எடத்துலயும் அப்படித்தான்."

"இல்லீங்க்கா. நாலு கடைக்காரங்க நூலத் திருப்பி எடுத்துக்கிட்டாங்களாம்."

நான் ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

"உள் ரூம்புல நீங்க மூஞ்சி தொடைக்கற துண்டும் அப்பிடித்தானுங் இருக்குது. நான்தான தொவைக்கறேன். ஜூன் மாசமே பாத்தேன்."

"பாத்தவ அப்பவே சொல்லறதுக்கு என்ன கேடு?"

"மூஞ்சியப் பத்திப் பேசுனா நீங்க கடிச்சு வெச்சறீங்க. எனக்கெதுக்கு வம்பு?" என்று சொல்லிவிட்டு, அப்பளத்தை உடைத்து என் இலையில் பாதி வைத்தாள்.

அவள் சொல்வது நியாயம். ஆனால் அவளுக்குத் தெரியும் என்றால் இன்னும் எவ்வளவு நாள் இது நான்கு சுவருக்குள் இருக்கும்? நானாகச் சொன்னால் ஒரு விலை, வெளியே வந்த பிறகு சொன்னால் வேறு விலை. வியாபாரக் கணக்கில் பார்த்தாலும் சீக்கிரம் சொல்வதுதான் லாபம். அதற்காகத்தான் சென்னியப்பண்ணனிடம் போகப் போகிறேன் என்று எழுதி வைக்கிறேன். லீலாவின் மச்சாண்டார், அவள் புருஷனின் அண்ணன், வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பது இதில் சேர்த்தி இல்லை.

ராத்திரிக்குப் பூச வேண்டியதை இன்று பூசவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

மோவாயில் ஒன்று கட்டுகிறது. அழுத்தினால் தெரிகிறது. மறுபடி பூசினேன்.

ஆகஸ்ட் 14, புதன்

சென்னியப்பண்ணன் பட்டறைக்குப் போனேன். தோட்டத்து நடுவில் இருக்கிறது. வழக்கமாய்ப் போனால் நீராவியில் ஆள் முகம் தெரியாது. இன்று கடைசி வரைக்கும் பார்க்க முடிந்தது. தொட்டிகள் காய்ந்து கிடந்தன. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மோட்டாருக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மிணி" என்றார். உட்காரச் சொல்லவில்லை.

நான் வழியெல்லாம் யோசித்து வைத்த பேச்சு எதுவும் வரவில்லை. அலமாரித் துண்டை எடுத்துக் கொடுத்தேன். "உங்க சாயத்துல தப்பில்லீங்கண்ணா. நான் பூசற மருந்து வெளுத்திருக்குது. மேல் துண்டெல்லாம் நான் கன்னத்துல வெச்சது."

"என்ன மருந்துங்க?"

"ஒரு ஜெல்லு."

"என்னத்துக்கு?"

"பருவுக்கு."

அவர் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார். அடக்க முடியாத சிரிப்பு. கிரீஸ் கையால் வாயைப் பொத்தி மீசையெல்லாம் கறுப்பு. எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், அவர் சட்டென்று நிறுத்தாமல் இருந்திருந்தால்.

"பன்னண்டு வருசமுங்கம்மிணி" என்றார். "சரக்கு வரட்டும், ஒருக்காப் பாக்கறேன்னு கேட்டனே. பாத்திருந்தா மேல் துண்டு மட்டும்னு எனக்கும் தெரிஞ்சிருக்கும். கண்ணுல காட்டவே இல்லீங்களே."

எனக்குத் தெரிந்த வியாபாரத்தையே பேசினேன். தீபாவளிச் சரக்கு முழுவதும் அவருக்கே தருகிறேன் என்றேன்.

"அது பொறவு. எத்தன கடையில சொன்னீங்க?"

"நாலு."

"நாலுலயும் போயிச் சொல்லோணும்."

"போன் போட்டுச் சொல்லிர்றேன்ணா, இப்பவே, உங்க முன்னாலயே."

"போன்ல வேண்டாம். என்ற பேரக் கெடுத்தப்ப நேருலதான கெடுத்தீங்க?"

"லாட்டு மாறிப் போச்சு, உங்க சரக்கு இல்லைன்னு சொல்லிர்றேன். உங்க பேரு சுத்தமாயிருமல்ல?"

"ஆகாதுங்க. லாட்டு மாறுச்சுன்னா நீங்களும் நானும் பேசி முடிச்சிட்டோம்னு நெனப்பாங்க. என்ன நடந்துச்சோ அதச் சொல்லோணும். செவ்வாக்கெழம, சந்தையில."

"செவ்வாக்கெழமைன்னா பார்ட்டியெல்லாம் நிப்பாங்கண்ணா. கடைய நான் மூடிட்டுப் போக வேண்டியதுதான். புதன்கெழம சொல்றேன்."

"புதன்கெழம ஈ காக்கா இருக்காது."

"ரெண்டு கடை நான் சொல்றேன். மத்த ரெண்டுக்கு லீலாவ அனுப்பறேன்."

"நாலும் நீங்கதான்." அவர் மோட்டாரை விட்டு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "மூஞ்சிக்குத் துணி கட்டிட்டுப் போகாதீங்க. பாத்தாத்தான் நம்புவாங்க."

ஆவணி வியாபாரம் முடியட்டும், புரட்டாசி பிறந்ததும் செய்கிறேன் என்று கடைசியாக ஒன்றைப் போட்டுப் பார்த்தேன்.

"வெல பேசறதுக்குத்தான் மாசம் பாக்கோணும். இதுக்கு ஆவணி என்ன, புரட்டாசி என்ன?"

அவர் மனைவி மோர் கொண்டு வந்தார். நின்றபடியே குடித்தேன். திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு தடவை நினைத்தேன். எங்கே போவது? கடைக்குப் போனால் லீலா, வீட்டுக்குப் போனால் கண்ணாடி.

பிறகு நான் கேட்டேன், கேட்காமல் இருக்க முடியவில்லை. "இந்த மருந்துக்குத் தாங்கற சாயம் எதாச்சும் இருக்குதுங்களாண்ணா?"

"வேட்னு ஒரு சாயம் இருக்குதுங்க, அது போட்டாத் தாங்கும். வெல ஜாஸ்திங்க. எதுக்கு?"

"என்ன மாதிரி எத்தன பேரு பூசறாங்களோ. அவுங்க வீட்டுலயும் துண்டு வெளுத்து, கடைக்காரனத்தான திட்டிட்டிருப்பாங்க?"

"நீங்க திருந்த மாட்டீங்க" என்றார். ஆனால் கணக்குப் போட உட்கார்ந்தார், என்னையும் உட்காரச் சொன்னார்.

முடிவானது இது. வருகிற திங்கள் சாயங்காலம், பார்ட்டிகள் பாதி வந்த நேரத்தில், நான்கு கடைக்கும் நானே நேரில் போக வேண்டும். முகத்தை மூடக் கூடாது. என்ன மருந்து என்றும், எங்கே பட்டது என்றும் சொல்ல வேண்டும். செவ்வாயைத் திங்களாக்கியதுதான் என்னால் குறைக்க முடிந்தது. தீபாவளி நூல் முழுவதும் அவர் பட்டறைக்கே. நின்றுபோன ஆட்களுக்கு நின்ற நாளுக்கான கூலி என் பொறுப்பு. மருந்துக்குத் தாங்கும் துண்டுக்கு வேட் சாயம், கிலோ நூலுக்கு இருநூற்று நாற்பது ரூபாய். இருநூற்றுப் பத்துக்குக் கேட்டேன், தரவில்லை.